மீதி

குருநகர் ஐஸ் ஆலையில்
அமுக்கியின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு.
செய்த நாட்டின் பெயரை உப்புக்காற்று தின்றுவிட்டது.
எண் மட்டும் நிற்கிறது:
99400891.

இரவு முறை எனக்கு.
மணிக்கு ஒருக்கா அமுக்கமானியைப் பார்த்துப் பதிய வேண்டும்.
மற்ற ஐம்பத்தைந்து நிமிடமும்
அந்தத் தகடு என்னைப் பார்க்கும்.

முதல் நாள் விளையாட்டாகத்தான் தொடங்கினேன்.
ஒற்றை எண், இரண்டு போகாது.
இலக்கங்களைக் கூட்டினால் நாற்பது, மூன்றும் போகாது.
கடைசியில் ஒன்று, ஐந்துக்கும் இடமில்லை.
ஏழால் பிரித்தேன், மீதி இரண்டு.
பதினொன்றுக்கு ஏழு. பதின்மூன்றுக்கு ஐந்து.
பதினேழிலும் நாலு மிஞ்சியபோது
விளையாட்டுப் போய்ப் பிடிவாதம் வந்தது.

அதற்குப் பிறகு இரவுக்கு ஒரு முதன்மை எண்.
தட்டாதெருச் சந்தியில் போட்டோக்கொப்பி எடுத்த
நாலு தாள் பட்டியல், பத்தாயிரத்தோடு முடிவது.
ஐஸ் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் நெடும்பிரித்தல்.
போனில் அழுத்தினால் ஒரு நொடி.
ஒரு நொடியை வைத்துக்கொண்டு
விடியும்வரை நான் என்ன செய்வது?

இருபத்தொன்பதில் இருபத்தேழு மிஞ்சியது.
இன்னும் இரண்டு இருந்திருந்தால் போயிருக்கும்.
அன்றிரவு முழுக்க அந்த இரண்டை
யாரோ என் சட்டைப்பையிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.

வாடைக்காற்று வந்தது, படகுகள் ஏறிக் கிடந்தன,
ஐஸ் கேட்க ஆளில்லை.
உப்புநீர்த் தொட்டியில் கட்டிகள் இறுகி முனகும்.
நான் முந்நூறுகளில் இருந்தேன்.
பிறகு நானூறுகளில்.

613ஐப் பிரித்து முடித்த விடியப்புறம்
பாசையூர் மக்டலீன் வந்தா,
ஓட்டோ நிறைய றெஜிபோம் பெட்டி, நண்டுக்கு.
கொப்பியைத் திருப்பிப் பார்த்தா.
"இது ஆற்றை கடன்?"
கடனில்லை, உடைக்கப் பார்க்கிறன் என்றேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேரிட்டைக் கேட்டாச்சு, ஒருத்தரும் ஓம் எண்டேல்லை.

அவ சிரிக்கவில்லை.
இருபது வருடமாகக் கூறலில் விலை கேட்ட வாய் அது.
"கீழயிருந்து ஏன் ஏறுறாய்?
ரெண்டு பேர் பெருக்கின கணக்கெண்டால்
ரெண்டு பேரும் ஒரே உயரமாயும் இருக்கலாமெல்லோ.
நடுவில பார்."

நடு என்றால் வர்க்கமூலம்.
9970ஐ அதனாலேயே பெருக்கினேன்.
99400900.
ஒன்பது கூடிப்போச்சு.

ஒன்பது.
மூன்று மூன்று.

பேனை எனக்கு முதலே நகர்ந்தது,
நடுவிலிருந்து மூன்று கீழே, மூன்று மேலே:
9967, 9973.
நாலாம் தாளை எடுத்தேன்.
பட்டியலின் கடைசி இரண்டு பேர்.
நான் முன்பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்த தாள்களின்
அடிமூலையில், பக்கத்துப் பக்கத்தில்
இவ்வளவு நாளும் இருந்திருக்கிறார்கள்.
இருவருக்கும் இடையில் நிற்கும் ஐந்து எண்ணும் உடைகிறவை,
9971 கூடப் பதின்மூன்றுக்கு வழிவிடும்.
இவர்கள் மட்டும் உடையவில்லை.

"பிடிபட்டுதோ?" என்றா.
ஏழு கட்டி ஏற்றினேன். ஆறுக்குத்தான் காசு,
ஒன்று அடுத்த கிழமை.
ஓட்டோ பண்ணைப் பக்கம் திரும்பியது.

இருந்து கணக்குப் பார்த்தேன்.
என் வழியில் போயிருந்தால்
இன்னும் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து மறுப்பு,
அதற்கடுத்த இரவு ஓம்.
மூன்று வருடமும் இருபத்தொரு நாளும்.
அதை அவ எனக்கு மிச்சப்படுத்தித் தந்தாவா,
நண்டோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போனாவா
என்று தெரியவில்லை.

தகட்டைத் துணியால் துடைத்தேன்.
அமுக்கி ஒருநாள் பழைய இரும்புக்குப் போகும்,
தகட்டையும் யாராவது உருக்குவான்.
9970ஐச் சுற்றி மூன்றடி தள்ளி நிற்கிற அந்த இரண்டு பேருக்கும்
அது ஒரு செய்தியே இல்லை.

மறுநாள் இரவு
அமுக்கமானியைப் பதிந்துவிட்டுக் கொப்பியைப் பிரித்தேன்.
அடுத்தது 617.
போகாது என்று தெரியும்.
எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாது.

340.